பட்டியைத் தாண்டி இடது பக்கம்

அடுத்தவர்களை நடக்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கால் வலிக்கிற தொழில் என்னுடையது. ஐரோப்பாவில் ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு, காடும் மேடுமாகத் தாங்களாகவே நடந்து விடுமுறையைக் கழிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். எங்கே தூங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்த ஓடையைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதிக் கொடுப்பதெல்லாம் நான்தான். ஐரோப்பாவை நான் பார்த்ததில்லை. விமானத்தையே கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

வீட்டு ஆளை வெளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சேர்ந்தாச்சு என்று போன் வருகிறவரை சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். நீங்கள் என் கட்சி. உங்களுக்கு அந்த அவஸ்தை எப்போதாவது ஒரு தடவை வரும். எனக்கு அதுவே உத்தியோகம்.

வழிகாட்டி எங்கே?

எங்கள் ஆபீஸ் கடைவீதியில், சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு கிடங்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அதற்குப் பிறகுதான் பேசுவார்கள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் அப்படித்தான் தும்மிக்கொண்டே மனைவியோடு வந்து உட்கார்ந்தார். நான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். அறைகளை நாங்கள் பிடித்துக் கொடுப்போம், பெட்டி வேனில் அடுத்த விடுதிக்குப் போய்விடும், நீங்கள் குறிப்பைப் பார்த்து நடக்க வேண்டியதுதான் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் கடைசியில், கூட வருகிற வழிகாட்டியின் பெயர் என்ன என்று கேட்டார்.

வழிகாட்டி கிடையாது, தாங்களாகப் போவதுதான் இதன் அழகே என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி கதவைப் பார்த்தார். வழி தவறினால் எந்த நேரமும் எனக்குப் போன் செய்யலாம் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்றார். இதே நாற்காலியில் என்றேன். அவர் சொன்னார்: "வழி தெரியாத நாங்க, வழியைப் பார்க்காத உங்களுக்குப் போன் பண்ணணும். அல்லே?"

சொந்த ஊர்

முதலாளி வர்க்கீஸ் சேட்டன் தங்கமான மனிதர். ஆனால் ஒரே ஒரு நகைச்சுவையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாகக் காலம் தள்ளுகிறார். அந்த நகைச்சுவை நான்தான்.

என் சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற இடம், அப்படியே ஊருக்கும் பெயராகி நிற்கிற வார்த்தை. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கொச்சிக்கு வந்த முதல் நாளே, ஊரைச் சொன்னதும் எதிரில் நின்றவர் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, தூத்துக்குடிப் பக்கம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சேட்டன் விட்டால்தானே. புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்குச் சாயா வருவதற்குள் என்னை அறிமுகம் செய்துவிடுவார்: "இது மாரியப்பன். கோயில் காக்குற பட்டியோட நாட்டுக்காரன். பேடிக்க வேண்டா, கடிக்கில்ல."

பாலம் ஏறியவர்கள்

சண்முகம் அண்ணனும் ராஜம்மாள் அக்காவும் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள். அண்ணன் மாநகராட்சியில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுவது தமிழ், அதில் பாதி மலையாளம். அண்ணனுக்கு மலையாள எழுத்துதான் தெரியும். அக்கா மட்டும் சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் தமிழ் நன்றாக வாசிப்பார், அவருக்காகக் குறிப்பைத் தமிழிலேயே எழுதினேன்.

ஒரே மகள் தீபா ஜெர்மனியில் நர்ஸ். ஊர் வந்து மூன்று வருஷமாகிறது. அப்பா அம்மாவை வரவழைத்து, தெற்கே கருங்காடு என்கிற மலைப்பகுதியில் ஐந்து நாள் கூடவே நடக்க வேண்டும் என்று அவளே எங்களிடம் ஏற்பாடு செய்தாள். விசாவும் வந்து டிக்கெட்டும் எடுத்த பிறகு அவளுக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. புது இடத்தில் சேர்ந்த உடனே லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவள் தங்கியிருப்பதோ தூரத்து ஊரில், நர்சுகளின் ஹாஸ்டலில், வெளியாட்களுக்கு இடமில்லை. வேண்டாம், ரத்து செய்துவிடலாம் என்று அழுதாள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. மகளைப் பார்க்க முடியாவிட்டால் அவள் இருக்கிற நாட்டையாவது பார்த்துவிட்டு வருகிறோம் என்றார். ஆக, மகள் பிடிக்க வேண்டிய இரண்டு கைகளும் என் குறிப்பைப் பிடிக்கும்படி ஆயிற்று.

மேடு ஏறிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டேனே தவிர, மட்டாஞ்சேரியில் மேட்டுக்கு எங்கே போவார்கள்? இங்கே உயரமான இடம் என்றால் பாலம்தான். காலையும் மாலையும் புது ஷூ போட்டுக்கொண்டு இருவரும் பாலத்தில் ஏறி இறங்கினார்கள். ஆட்டோக்காரர்கள் நிறுத்தி, என்ன ஆபத்து என்று விசாரித்தார்களாம். பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டபோது அக்கா சொன்னார்: "பாலத்துல எத்தனை கேறணுமோ அத்தனையும் கேறியாச்சு தம்பி. இனி கேறணும்னா தெங்குதான் பாக்கி."

அக்காவின் பேடி

மலை, குளிர், மொழி தெரியாத ஊர், எதுவும் ராஜம்மாள் அக்காவைப் பயமுறுத்தவில்லை. அவர் பேடி என்று சொல்கிற பயம் நாயிடம் மட்டும்தான். மீன் வாங்கப் போன இடத்தில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைப் பிடித்து, ஊசி போட்டுக்கொண்டவர். அதற்குப் பிறகு குட்டி நாய் படுத்திருந்தால்கூடப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றித்தான் போவார்.

அங்கே நாய்கள் தெருவில் திரியாது, கையில் வாருடன்தான் வரும் என்றேன். பண்ணை வீடுகளில் என்று கேட்டார். நீங்கள் போகிற பாதையில் நாயே கிடையாது என்று பார்த்து வந்தவன் மாதிரி அடித்துச் சொன்னேன். அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பேரம் பேசுகிற குரலில் சொன்னார்: "பட்டி எங்க நிக்கும்னு மட்டும் எழுதிக் குடுத்துருங்க தம்பி. பாக்கி பேடியெல்லாம் நான் நோக்கிக்கறேன்."

தீபா சொன்ன ரகசியம்

அவர்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் தீபா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். நடையின் மூன்றாம் நாள் அவளுக்குப் பகலில் ஓய்வாம். விடியற்காலை ரயில் பிடித்து, பிறகு பஸ் மாறி, மூன்றாவது விடுதிக்கு மதியத்துக்குள் வந்துவிடுவாளாம். சாயங்காலம் வருகிற பஸ்ஸில் திரும்பினால்தான் ராத்திரி டூட்டிக்குப் போய்ச் சேர முடியும். புது ஆஸ்பத்திரி, யாரிடமும் உதவி கேட்கப் பழகவில்லை. ஆக மொத்தம் ஒரு மத்தியானம்தான் அவளால் பெற்றவர்களோடு இருக்க முடியும்.

கடைசி நேரத்தில் டூட்டி மாறிவிட்டால் அவர்கள் மனசு உடைந்துபோகும், அதனால் சொல்ல வேண்டாம் என்றாள். அன்றைய நடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். காட்டைச் சுற்றிப் போகிற பாதைக்குப் பதிலாக, புல்வெளி வழியாக ஒரு குறுக்குப் பாதை எனக்குக் கிடைத்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவசர அவசரமாகத் திரும்ப எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று தீபாவிடம் சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, அவங்க அங்க எத்தணும். எனக்கு அது மட்டும் போதும்."

எத்தி

முதல் நாள் காலையிலேயே சிக்கல். பெட்டிகளை அடுத்த விடுதிக்கு எடுத்துப்போக வேன் வந்தது. ராஜம்மாள் அக்கா பெட்டியைக் கொடுக்கவில்லை, அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஊறுகாய், அரிசிமாவில் தேங்காய் சேர்த்து வறுத்த அவலோஸ் பொடி, மகளிடம் எப்படியாவது சேர்க்க வேண்டும் என்று எடுத்துப்போன பலாப்பழ வற்றல் எல்லாம் இருந்தன. முன்பின் தெரியாதவனிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். விடுதிக்காரர் எனக்குப் போன் செய்ய, நான் அக்காவிடம் பேச, அக்கா வேன்காரரின் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே எழுந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிடங்கில் மூட்டை விழுகிற சத்தம் கேட்டால்கூடப் போனைப் பார்த்தேன். கடைசியில் அண்ணனின் குரல் செய்தி வந்தது. போய்ச் சேர்ந்தால் ஒரு வார்த்தை அனுப்புங்கள் என்று நான் கேட்டிருந்தேன். அவர் கணக்காக ஒரே வார்த்தைதான் அனுப்பியிருந்தார்: எத்தி. சேர்ந்தாச்சு என்பதற்கு அவருடைய மலையாளம். இரண்டாம் நாளும் அதே எத்தி. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும். பெட்டி தங்களுக்கு முன்பே வந்து அறையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அக்கா தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "பெட்டிக்கு வண்டி, எங்களுக்குக் காலு. இது எந்த ஊர் நியாயம் தம்பி?"

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் எத்தி வரவில்லை.

அங்கே மதியமாகும்போது இங்கே சாயா நேரம் தாண்டிவிடும். தீபா சொன்னபடி வந்துவிட்டாள். விடுதியின் சாப்பாட்டு அறையில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று செய்தி அனுப்பினாள். அப்புறம், இன்னும் வரவில்லை என்று ஒன்று. அப்புறம் வெறும் கேள்விக்குறி. அண்ணனின் போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவர் நடக்கும்போது அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். எத்தனையோ தடவை சொல்லியும் கேட்காத பழக்கம் அது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அங்கேயும் மழையாக இருக்குமோ, புல் வழுக்குமோ, அண்ணன் விழுந்திருப்பாரோ என்று நினைக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் நினைத்துக்கொண்டே இருந்தேன். தீபா திரும்ப வேண்டிய பஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல், பஸ் போன பிறகு சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாலும் எனக்கு அது தாங்காது. மகள் வந்து காத்திருந்து போனாள் என்று அந்த அம்மாவிடம் யார் சொல்வது?

வர்க்கீஸ் சேட்டன் என் மேஜைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. நீ எழுதிக் கொடுத்ததை உரக்கப் படி என்றார். படித்தேன். ஓடைப் பாலம் வந்ததும் மேலே ஏறுங்கள். பட்டியைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்புங்கள். விடுதியின் சிவப்புக் கூரை தெரியும். அங்கிருந்து வந்த ஆங்கிலக் குறிப்பில் ஆடு அடைக்கிற இடம் என்று இருந்ததை, அவசரத்தில் எங்கள் ஊர் வார்த்தையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. அந்த வார்த்தைக்காக இந்த ஊரில் என்னைப் போல் சிரிப்பு வாங்கியவன் எவனும் இல்லை.

சேட்டன் சிரிக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு அவர் சிரிக்காதது அன்றைக்குத்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்: "மாரி, அது நின்டெ பட்டியோ, என்டெ பட்டியோ?"

தாண்ட முடியாத பட்டி

உடனே தீபாவை அழைத்தேன். ஆட்டுப்பட்டியைத் தாண்டி நேராகப் போயிருப்பார்கள், அந்தப் பக்கம் நாய் வளர்க்கிற வீடு எது என்று விடுதிக்காரரைக் கேள் என்றேன். எல்லா வீட்டிலும்தான் வளர்க்கிறார்கள் என்றாராம் அவர். இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. தீபா ஏறவில்லை. ராத்திரி டூட்டிக்கு வர முடியாது, அப்பா அம்மாவைக் காணவில்லை என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். அங்கே கூட வேலை பார்க்கிற கோட்டயத்துப் பெண் ஒருத்தி, இதற்கா இத்தனை தயக்கம், நான் பார்த்துக்கொள்கிறேன், நாளைக்கும் வர வேண்டாம் என்றாளாம். இத்தனை நாளாக இவள் கேட்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சற்று நேரத்தில் மலைக்கு மேலே ஒரு பண்ணை வீட்டிலிருந்து விடுதிக்குப் போன் வந்தது. வயதான இருவர் வந்திருக்கிறார்கள், எழுத்து புரியாத ஒரு காகிதத்தைக் காட்டுகிறார்கள், எங்கள் நாயைக் காட்டுகிறார்கள், என்ன வேண்டும் என்று தெரியவில்லை, சூப் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன் என்றாராம் அந்த வீட்டு அம்மா.

நடந்தது இதுதான். ஆட்டுப்பட்டி வந்தபோது அங்கே ஆடுகள் மட்டும் இருந்தன, நாய் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டபடி நாய் நிற்கிற இடத்தை நான் குறித்துக் கொடுத்திருக்கிறேன் என்றே இருவரும் நம்பியிருக்கிறார்கள். அதனால் நாயைத் தேடி மேலே போயிருக்கிறார்கள். ரொம்ப தூரம் கழித்துப் பெரிய நாய் ஒன்று பாதையில் வந்து இவர்களை மோந்து பார்த்துவிட்டு முன்னால் நடந்தது. வழி சரிதான் என்று அண்ணனுக்கு நிம்மதி. ஆனால் நாயைத் தாண்டினால்தானே இடது பக்கம் திரும்பலாம்? இவர்கள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக நடந்தது. இவர்கள் நின்றால் அதுவும் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. மட்டாஞ்சேரியில் குட்டி நாய்க்குச் சந்து மாறுகிற ராஜம்மாள் அக்கா, அந்த மலை முழுக்க ஒரு நாயை முந்தப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறார். கடைசியில் அது தன் வீட்டு வாசலில் போய்ப் படுத்தது. இருவரும் பயபக்தியோடு அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே மாட்டுத் தொழுவம் இருந்தது.

விடுதிக்காரரின் காரில் தீபா போய் இறங்கியிருக்கிறாள். அண்ணன் சூப்புக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டாராம். இதைச் சொல்லும்போது தீபா போனில் அழுதாள், நான் இங்கே அழுதேன், சேட்டன் ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்தார். அக்கா மட்டும் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிற மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகம் நிறையக் கவலையோடு கேட்டாராம்: "மோளே, நீயும் வழி தெற்றிப் போனியா?"

திரும்பி வந்தவர்கள்

நாலாம் நாள் மூன்று பேராக நடந்தார்கள். ஆங்கிலக் குறிப்பைத் தீபா வாசித்தாள், பலா வற்றலை எல்லாரும் தின்றார்கள் என்று செய்தி வந்தது. அன்றைய எத்தி மூன்று குரலில் இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே இருவரும் ஆபீஸ் படியேறி வந்தார்கள். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அண்ணன் அதற்கு இடம் கொடுக்காமல் ஒரு பெட்டி மிட்டாயை மேஜையில் வைத்தார். அக்கா போனில் ஒரு படம் காட்டினார். பண்ணை வீட்டு வாசல், மூன்று பேர், நடுவில் அந்த நாய். அக்காவின் கை அதன் முதுகில் இருந்தது.

இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்லி, திருத்திய குறிப்பை எடுத்துக் காட்டினேன். பட்டி என்று இருந்த இடத்தில் எல்லாம் ஆட்டுக் கொட்டகை என்று மாற்றியிருந்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். அவர் முகம் வாடிவிட்டது. அக்கா காகிதத்தை என் பக்கம் தள்ளி வைத்தார்: "இது வேண்டா தம்பி. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு போயிருக்க வேண்டியவ, ரெண்டு ராத்திரி எங்கூடப் படுத்து உறங்கினா. அடுத்த தடவை போகும்போதும் எங்கயாவது ஒரு பட்டியை எழுதி வையுங்க."

குறிப்பில் எழுதியபடியே நடந்து, பிசகாமல் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட எனக்கு இதுவரை மிட்டாய் வாங்கி வந்ததில்லை என்றாலும், தினமும் விளக்கேற்றிச் சாமியிடம் நான் கேட்பது அந்த மாதிரி ஆட்களைத்தான்.